ஒரே நெருப்பு, மூன்று வேலை!

நெருப்பு சுடும். இது குழந்தைக்கும் தெரியும். அதே நெருப்பு குளிரவும் வைக்கும் என்றால் நம்புவீர்களா? உண்மைதான்!

கரியாலூரில் இருந்து மலை இறங்கினால் கச்சிராயபாளையம். அங்கே கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்து நீராவி உண்டாக்குகிறார்கள். நீராவி எந்திரத்தைச் சுற்றுகிறது; மின்சாரம் பிறக்கிறது. சுற்றி முடித்த நீராவியையும் வீணாக்குவது இல்லை. அதைக் கொண்டே கரும்புச் சாற்றைக் காய்ச்சுகிறார்கள். ஒரு நெருப்பு, இரண்டு வேலை!

இயற்கை எரிவாயு இன்னொரு வேலையும் சேர்த்துச் செய்கிறது.

எரிவாயுவில் ஓடும் எஞ்சின், நூறு பங்கு வெப்பத்தில் சுமார் 35 முதல் 40 பங்கை மின்சாரம் ஆக்கும். மீதிச் சூடு புகையோடும், எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீரோடும் போய்விடும். அந்தச் சூட்டைப் பிடித்தால் வெந்நீர் கிடைக்கும். குளிரும் கிடைக்கும்!

சூட்டில் குளிரா?

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. அதே தந்திரம்தான் இதுவும். காற்று நீக்கிய தொட்டியில் தண்ணீர் எளிதில் ஆவியாகிறது; குளிர் உண்டாகிறது. லித்தியம் புரோமைடு என்ற உப்பின் கரைசல் அந்த ஆவியைக் குடித்துவிடுகிறது. எஞ்சினின் சூடு கரைசலைக் காய்ச்சி, நீரைப் பிரித்துத் திருப்பி அனுப்புகிறது.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் விபத்து சிகிச்சை மையத்தில், ஜெர்மனியின் உதவியோடு 2010-களில் இப்படிப்பட்ட எந்திரத்தை அமைத்தார்கள். மருத்துவமனைக்கு இரவு பகலாக விளக்கும், வெந்நீரும், குளிரும் வேண்டும் அல்லவா?

மலைக்கு என்ன பயன்?

தனி வீட்டுக்கு இது கட்டுப்படி ஆகாது. ஆனால் கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு விளைகிறது. சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில், கிழங்குக் கழிவுநீரை மூடிய தொட்டியில் புளிக்கவைத்து எரிவாயு எடுக்கிறார்கள். இயற்கை எரிவாயுவில் இருப்பதும் மீத்தேன். இதில் இருப்பதும் மீத்தேன். சுத்தப்படுத்தினால் இதிலும் எஞ்சின் ஓடும்.

குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்துகள் பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். மின்சாரம் நின்றாலும் அந்தக் குளிர் நிற்கக் கூடாது.

மலையிலேயே ஒரு கிழங்கு ஆலையும், பக்கத்தில் ஒரு மருத்துவமனையும் அமைந்தால்? கிழங்குக் கழிவே விளக்கு ஏற்றும், வெந்நீர் தரும், பிள்ளைகளின் மருந்தையும் கெடாமல் காக்கும்!