குழாயின் உச்சிக்கு ஒரு மூச்சுக் காற்று

பீப்பாயிலிருந்து மண்ணெண்ணெய் எடுக்க, டியூபின் ஒரு நுனியை உள்ளே விட்டு மறுநுனியில் வாய் வைத்து ஓர் இழுப்பு இழுப்பார்கள். கொஞ்சம் வாயில் பட்டுவிடும், துப்ப வேண்டியதுதான். அதன்பிறகு எண்ணெய் தானே மேடேறி இறங்கும். பாடப்புத்தகம் இதை வடிகுழாய் என்கிறது, கப்பல்காரர்கள் சைஃபன் என்கிறார்கள்.

இதே வித்தை படகில் நடந்தால் படகு முழுகும். அடியில் சேரும் கசிவுநீரைப் பில்ஜ் பம்ப் வெளியே தள்ளுகிறது. சுமை ஏறியோ, ஒருபக்கம் சாய்ந்தோ குழாயின் வெளிவாய் கடலுக்குள் போய்விட்டது என்று வையுங்கள். பம்ப் நிற்கும்போது குழாய் நிறைய நீர். உள்நுனியோ படகின் அடியில். இனி கடல் மேல்தொட்டி, படகு கீழ்த்தொட்டி. நின்றுபோன மையவிலக்கு பம்ப் நீரை மறிக்காது. ஓர் அங்குலக் குழாயில், 30 செ.மீ. மட்ட வித்தியாசத்திலேயே, நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் உள்ளே வரும். ஆட்கள் தூங்கும் இரவில் அது போதும்.

குழாயை உயர வளைத்தால் தீராதா? தீராது. காற்றழுத்தம் நீரை 10 மீட்டர் வரை தூக்கிவிடும். அவ்வளவு பெரிய வளைவுக்குப் படகில் இடமேது? ஒருவழி வால்வையும் நம்ப முடியாது. ஒரு நூல், ஒரு மரச்சீவல் சிக்கினால் போதும், வாய் மூடாது.

நம்பத்தக்கது காற்றுதான். நீர்மட்டத்துக்கு மேலே, படகு சாய்ந்தாலும் முழுகாத உயரத்தில் வளைவு. அதன் உச்சியில் கட்டைவிரல் அளவில் ஒரு வால்வு. பம்ப் ஓடும்போது உள்ளழுத்தம் அதன் ரப்பர் நாக்கை அழுத்தி மூடும். பம்ப் நின்று நீர் பின்னோக்கி இழுத்ததும் உச்சியில் அழுத்தம் குறையும், நாக்கு விலகும், காற்று புகும். நீரோட்டம் அந்த இடத்திலேயே அறுந்துவிடும்.

பெரிய கப்பலில் தொல்லை வேறு விதம். டேங்கரின் மேல்தளம் வரை ஏறிய பேலஸ்ட் நீர் (கப்பலை நிலையாக வைக்க ஏற்றும் நீர்) அங்கிருந்து கடலை நோக்கி விழும்போது, தன் எடையாலேயே உச்சியில் வெற்றிடத்தை உண்டாக்குகிறது. அழுத்தம் மிகவும் குறைந்தால் 30 டிகிரி நீர்கூடக் கொதிக்கும். அந்த நீராவிக் குமிழிகள் நொறுங்கும்போது குழாய் சம்மட்டியால் அடித்ததுபோல் அதிரும். அங்கேயும் மருந்து உச்சியில் காற்றுதான். இல்லையென்றால் கீழ்முனை வால்வைச் சற்று இறுக்கி, குழாயை நிறைவாகவே வைத்திருப்பார்கள்.

படகு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அந்த ரப்பர் நாக்கில் உப்பு படிந்து ஒட்டிக்கொள்ளும். அவ்வப்போது கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, வாயால் ஊதிப் பாருங்கள்.