பேணியில் அடைத்த பலம்: புரத மாக்களை மதிப்பிடுமாறு

திருக்குறளின் மருந்து அதிகாரத்தை மேல் வகுப்பொன்றிலே ஒருநாள் படிப்பித்துக்கொண்டிருந்தோம். முன் உண்டது செரித்ததை அறிந்து, அதன்பின் அளவோடு உண்ணவேண்டும் என்னும் கருத்தை விளக்கி முடித்தபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், செரிக்காத சாப்பாட்டை என்ன செய்யிறது?" என வினாவினான். வகுப்பு முழுவதும் சிரித்தது, வினாவியவன் சிரிக்கவில்லை. மறுநாட் காலை, வாளியளவு பருத்த பேணியொன்றைப் பையிலே சுமந்துகொண்டு எம்மிடம் வந்தான்.

அவன் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. மாலைதோறும் மக்கெய்சர் மைதானத்திற் பயிற்சி செய்பவன். மெலிந்தவன் என்று தோழர் நகையாடியதைப் பொறாது, யாரோ கூறிய வார்த்தையை நம்பி, 'மாஸ் கெயினர்' எனப்படும் அந்த மாவை வாங்கியிருந்தான். அதன் விலை, அவன் தந்தையார் இரண்டு கிழமை கடலிற் பட்ட பாட்டின் ஊதியம். மூன்று நாள் கரைத்துக் குடித்தான்; வயிறு ஊதி, வயிற்றோட்டமும் கண்டது. "இதில என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ, சேர். அப்பாவுக்கு இன்னும் சொல்லேல்லை" என்றான்.

யாம் இரசாயனம் பயின்றவரல்லேம்; ஆசிரிய கலாசாலையிலே பயிற்சி பெற்ற தமிழாசிரியர். ஆயினும், எழுதியிருப்பதை எழுதியவாறே வாசித்துப் பொருள் காண்பது எமது தொழில். அறிவியல் ஆசிரியர் ஒருவரின் துணையோடு அப்பேணியை ஒரு பாடநூலைப்போல வாசித்தோம். அவ்வாசிப்பின் பயனைப் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் அறியும்பொருட்டு இம்மலரிலே எழுதுகின்றோம்.

முதலாவதாக அறியவேண்டியது, பேணியின் முன்புறம் விளம்பரம், பின்புறமே வாக்குமூலம் என்பதாம். முன்புறத்துப் படமும் பெரிய எழுத்துக்களும் எதனையும் நிறுவுவன அல்ல. பின்புறத்திலே சேர்பொருள்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அவ்வரிசைக்கு ஒரு நியதி உண்டு. நிறையால் மிகுந்தது முதலிலும் குறைந்தது கடைசியிலும் நிற்றல் வேண்டும் என்பது, கோடெக்ஸ் எனப்படும் சருவதேச உணவு நியமத்தின் விதி. மாணவனின் பேணியில் முதலில் நின்றது புரதமன்று, மோல்டோடெக்ஸ்ட்ரின். சோளம் முதலியவற்றின் மாப்பொருளை உடைத்துச் செய்யும் தூள் அது. சீனியைப்போல இனிக்காவிடினும், இரத்தத்திற் சீனியை விரைந்து ஏற்றுவது.

இரண்டாவதாக, கணக்குப் பார்த்தல் வேண்டும். ஒரு வேளைக்குரிய அளவு 330 கிராம் என்றும், அதிலே புரதம் 50 கிராம், மாச்சத்து 250 கிராம் என்றும் எழுதியிருந்தது. ஐம்பது என்னும் எண் பெரிதாகவே தோன்றும். ஆனால் 330இல் 50 என்பது நூற்றுக்குப் பதினைந்தே. நம் வீட்டுப் பயற்றிலும் மைசூர்ப் பருப்பிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 24 பங்கு புரதம் உண்டு. கச்சானில் 25 பங்கு உண்டு. அப்பேணி எட்டு வேளைக்கே போதுமானது. எட்டு வேளையிலும் அவன் பெறும் புரதம் 400 கிராம். மாச்சத்தோ இரண்டு கிலோ. புரதம் என்று எண்ணி, தந்தையின் உழைப்பைக் கொடுத்து அவன் பெரும்பாலும் வாங்கியது மாப்பொருளையே.

மூன்றாவதாக, அப்புரதம் எதிலிருந்து வந்தது என்று பார்த்தல் வேண்டும். பாற்கட்டி செய்யும்போது பிரியும் நீரை உலர்த்திப் பெறுவது வே புரதம். அது நற்புரதமே, அதனை நஞ்சென்று பழித்தல் தகாது. ஆனால் அதன் செறிவு வகையிலே லக்டோஸ் என்னும் பாற்சீனி ஓரளவு எஞ்சியிருக்கும். ஆசிய மக்களுள் வளர்ந்தவர் பெரும்பாலார்க்குப் பாற்சீனி எளிதிற் செரிப்பதில்லை. அவ்வளவு பெரிய கோப்பையை ஒரே முறையிற் குடித்த அம்மாணவனின் வயிறு ஊதியதற்கு இதுவே காரணமாகலாம் என்று எண்ணினோம்.

இனி, எழுதிய எண்ணையே நம்பலாமோ என்பது அடுத்த வினா. டென்மார்க்கு நாட்டு இரசாயன அறிஞர் கெல்டால் 1883ஆம் ஆண்டிலே வகுத்த முறைப்படி, உணவிலுள்ள நைதரசனை அளந்து, அதனை 6.25ஆற் பெருக்கிப் புரதம் இவ்வளவு எனக் கணிப்பர். நைதரசன் எப்பொருளிலிருந்து வந்தது என்பதை அம்முறை அறியாது. இக்குறையைப் பயன்படுத்தியே சீனாவில் நீர் கலந்த பாலிலே மெலமைன் என்னும் பொருளைக் கலந்தனர். 2008ஆம் ஆண்டு அது வெளிப்பட்டபோது ஆறு குழந்தைகள் இறந்திருந்தன. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றிருந்தன. புரத மாக்களிலே கிளைசீன், தோரின் போன்ற மலிவான பொருள்களைச் சேர்த்து எண்ணை உயர்த்துவதும் இவ்வகைத் தந்திரமே. சேர்பொருட் பட்டியலில் இப்பெயர்கள் தனியே நிற்பின் ஐயுறுக. இந்தியாவில் விற்கப்பட்ட 36 புரத மாக்களை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, ஏறத்தாழ நூற்றுக்கு 70 பொருள்களின் புரத அளவு எழுதியவாறு இருக்கவில்லை. நூற்றுக்கு 14 அளவிற் பூஞ்சண நஞ்சாகிய அஃபிளாடொக்சின் காணப்பட்டது.

இந்நஞ்சு நமக்குப் புதியதன்று. 1973 முதல் நம் நாட்டுத் தாய்மார்க்கும் சேய்களுக்கும் வழங்கப்பட்டுவரும் திரிபோஷா, சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த சத்துமா. அதிற் சேரும் சோளத்தின் அஃபிளாடொக்சின் பற்றி 2022இல் நாடெங்கும் விவாதம் எழுந்தது. அரசின் கண்காணிப்பிலுள்ள மாவுக்கே இத்துணை விழிப்பு வேண்டுமாயின், யார் இறக்கினர் என்று எழுதப்படாத பேணிக்கு எத்துணை வேண்டும்!

விளையாட்டு வீரர்க்கு வேறோர் ஆபத்தும் உண்டு. நம் நாட்டுத் துடுப்பாட்ட வீரர் உபுல் தரங்க, தோள் நோவுக்கு உட்கொண்ட மூலிகை மருந்தொன்றினால், 2011 உலகக் கிண்ணப் போட்டியின்போது தடைசெய்யப்பட்ட பொருள் உடலிற் காணப்பட்டு, மூன்று மாதத் தடைக்கு ஆளானார். அறியாது உண்டாலும் தண்டனை தண்டனையே.

சிறுநீரக நோயுடையார் மருத்துவரைக் கேளாது புரத மாவைத் தொடலாகாது. நம் மாவட்டத்துப் பதவிசிறிபுர முதலிய பகுதிகளிலே காரணம் தெளியாத சிறுநீரக நோய் பரவியிருத்தலை நாம் மறத்தல் கூடாது. நீரிழிவு உடையார்க்கும் இம்மாச்சத்து மிகுந்த மாக்கள் ஆகா.

ஆகவே, வாங்கியே தீரவேண்டுமென்பார் ஐந்து காரியங்களை நோக்குக. முதற் சேர்பொருள் எது? நூற்றுக்குப் புரதம் எத்தனை? ஒவ்வொன்றின் அளவையும் கூறாது 'எமது தனிக் கலவை' என மறைத்துள்ளனரா? இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், தொகுதி இலக்கமும், காலாவதித் திகதியும் உள்ளனவா? இன்போம்ட் ஸ்போர்ட், என்.எஸ்.எவ். போன்ற சுயாதீன நிறுவனம் அத்தொகுதியைச் சோதித்ததா? ஐயம் தோன்றின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அறிவித்தல் வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்னும் இலக்கமும் உண்டு.

இவ்வளவும் கேட்ட மாணவன், "அப்ப நான் என்ன சாப்பிடுறது, சேர்?" என்றான். கரும்பலகையிலே கணக்கெழுதினோம். அவன் நிறை 60 கிலோ. கடும் பயிற்சி செய்பவர்க்கு நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.4 கிராம் அளவிற் புரதம் வேண்டும் என்பர். ஆக 84 கிராம். நாள் முழுவதற்கும் 400 கிராம் அரிசியில் 28. 50 கிராம் பருப்பில் 12. 100 கிராம் மீனில் 20. இரண்டு முட்டையில் 12. 50 கிராம் கச்சானில் 12. கூட்டினால் 84. நிறை ஏறவேண்டின் வாழைப்பழமும் தயிரும் சேர்க்கலாம். மீனின் எண்ணை எழுதியபோது அவன் தலை குனிந்தான். அம்மீனைத் தந்தையார் நாள்தோறும் வீட்டுக்குக் கொண்டுவருகின்றார் என்பதும், பேணி வந்தபின் அதனை அவன் உண்ணாது விட்டான் என்பதும் பின்னரே தெரிந்தன.

அன்று மாலையே தந்தையாரிடம் உண்மையைக் கூறினான். அவர் ஏசவில்லையாம், சோற்றைப் போட்டு மீனை முன்வைத்தாராம்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் ஊர்ப் பிள்ளைகளுக்கு அன்போடு இத்தகைய பேணிகளை அனுப்புகின்றனர். அவ்வன்பை யாம் போற்றுகின்றோம். ஆயினும், அனுப்புமுன் பின்புறத்தை ஒருமுறை வாசியுங்கள். கல்லூரி நமக்குத் தந்த கல்வி முதலில் வாசிப்பே. அதனைப் பரீட்சைத் தாளோடு விட்டுவிடாது, உண்ணும் கோப்பை வரையும் கொண்டுசெல்லுதல் நம் கடன்.