கடைசிப் பயணத்துக்கு நாலு தோள்!

"போறப்போ தூக்கறதுக்கு நாலு பேர் வேணும்யா!"

இந்தப் பேச்சைப் பேசாத வாய் தமிழ்நாட்டில் கிடையாது. சண்டையிலும் சொல்வார்கள், சமாதானத்திலும் சொல்வார்கள். ஆனால் நிஜமாகவே அந்த நேரம் வந்துவிட்டால்?

சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். மாடி அறையில் ஒண்டிக்கட்டையாக ஒருவர் தங்கியிருக்கிறார். பர்மா பஜார் பக்கம் கடையில் வேலை. சொந்த ஊர் ராமநாதபுரம் சீமையில் ஏதோ ஒரு கிராமம். ராத்திரி நெஞ்சுவலி என்று படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. மேனேஜருக்குக் கை கால் ஓடாது. பக்கத்து அறைக்காரருக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. நாலு பேருக்கு எங்கே போவது?

செத்தவர் முஸ்லிமாக இருந்தால் அந்த நாலு பேர் பக்கத்துப் பள்ளிவாசலில் இருக்கிறார்கள்.

எல்லோர் தலையிலும் பாவம்

இறந்தவரைக் குளிப்பாட்டுவது, துணி சுற்றுவது, தொழுகை நடத்துவது, அடக்கம் செய்வது இந்த நாலும் 'பர்ளு கிபாயா' என்கிறார்கள். வாயில் நுழைய கஷ்டமான சொல்தான். அர்த்தம் சுலபம். ஊரில் சிலர் செய்துவிட்டால் எல்லோருடைய கடமையும் தீர்ந்தது. ஒருத்தருமே செய்யாவிட்டால் எல்லோர் தலையிலும் பாவம்!

'எனக்கும் அந்த ஆளுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை' என்று யாரும் நழுவ முடியாது. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கவில்லை என்று பத்து வருஷம் முறைத்துக்கொண்டிருந்தவர்கூட மையத்துக்கு வந்து நிற்பார். இதற்குப் பத்திரிகை தேவையில்லை. பள்ளிவாசல் மைக்கில் மோதினார் பேரைச் சொல்லி, அடக்கம் எத்தனை மணிக்கு என்று சொன்னால் போதும். கடைக்கல்லாவில் பையனை உட்கார வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

பள்ளிவாசலில் 'சந்தூக்கு' தயாராக இருக்கும். மையத்தைச் சுமந்து போகும் பெட்டி அது. லட்சாதிபதிக்கும் அதே சந்தூக்குதான், மீன்பாடி வண்டி இழுப்பவருக்கும் அதே சந்தூக்குதான்.

இலந்தை இலை, கற்பூரம்

இருப்பதிலேயே கஷ்டமான வேலை குளிப்பாட்டுவது. கூலிக்கு ஆள் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. ஆனால் பல மஹல்லாக்களில் கைக்காசு வாங்காமல் இதைச் செய்கிற நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருத்தர் டெய்லராக இருப்பார், இன்னொருத்தர் கறிக்கடைக்காரராக இருப்பார். ராத்திரி 2 மணிக்குக் கதவைத் தட்டினாலும் "எந்த வீடு?" என்ற ஒரே கேள்விதான்.

ஆணை ஆண்கள் குளிப்பாட்டுவார்கள், பெண்ணைப் பெண்கள். உடம்பை மறைப்புத் துணியால் மூடியபடியே, வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து, ஒற்றைப்படைக் கணக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீரில் இலந்தை இலை போடுவது வழக்கம். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலப்பார்கள். பிறகு 'கபன்' துணி. தையல் போடாத வெள்ளைத் துணிதான். ஆணுக்கு 3, பெண்ணுக்கு 5.

இதில் வெளியாருக்கு அதிகம் தெரியாத சட்டம் ஒன்று உண்டு. குளிப்பாட்டும்போது உடம்பில் ஏதாவது குறையைக் கண்டால் அதை வெளியே மூச்சுவிடக் கூடாது! புண் இருந்ததா, தழும்பு இருந்ததா என்பது அந்த அறையோடு சரி. செத்தவர் இனி வந்து மறுப்புச் சொல்ல முடியாதல்லவா?

இந்த வேலைக்கு இளவட்டங்கள் லேசில் வருவதில்லை. பயம்தான் காரணம். பெண்கள் பக்கம் ஆள் தேடுவது இன்னும் சிரமம். பல ஜமாஅத்துகள் இதற்கென்றே பயிற்சி வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கின்றன.

நாலு முழம் நடந்தாலும்

சந்தூக்கு தெருவில் வரும்போது பார்க்க வேண்டும். முன்னால் தூக்குகிறவர் ஏழெட்டு அடி நடப்பதற்குள் அடுத்தவர் தோள் கொடுத்துவிடுவார். செத்தவர் யார் என்றே தெரியாதவர்கூட ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடிவந்து கொஞ்ச தூரம் சுமப்பார். இந்துக் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள், சிலர் ஷட்டரைப் பாதி இறக்கி வைப்பார்கள்.

ஜனாஸா தொழுகையில் குனிவது இல்லை, நெற்றியைத் தரையில் வைப்பதும் இல்லை. நின்றபடியே 4 தக்பீர், அவ்வளவுதான். கபரில் தலை வடக்கே. வலப்பக்கமாக ஒருக்களித்து, முகம் மேற்கே மக்காவைப் பார்த்தபடி. வந்தவர்கள் ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவார்கள்.

"கடன் இருந்தா சொல்லுங்க"

தொழுகைக்கு முன்னால் நடக்கும் ஒரு சங்கதி கடைக்காரர்கள் காதில் விழ வேண்டியது. செத்தவரின் மகனோ தம்பியோ கூட்டத்தின் முன்னே வந்து நிற்பார்.

"எங்க அத்தா யாருக்காச்சும் பணம் தரவேண்டியிருந்தா என்கிட்ட கேளுங்க, நான் பொறுப்பு. யார் மனசையாச்சும் நோக வெச்சிருந்தா அல்லாவுக்காக மன்னிச்சிருங்க."

கூட்டத்தில் மளிகைக்கடைக்காரரும் நிற்பார். அவருடைய நோட்டில் பாக்கி எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். அங்கேயே வாய் திறக்கிறவர் அபூர்வம். நாலு நாள் கழித்துப் போய்ச் சொல்வார். வீட்டு நிலைமையைப் பார்த்துவிட்டு நோட்டில் கோடு போட்டு அடித்துவிடுகிறவரும் உண்டு.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. நபிகள் நாயகம் காலத்தில் கடனாளி ஒருவரின் ஜனாஸா வந்தது. அடைக்க அவர் எதுவும் விட்டுச் செல்லவில்லை. 'உங்கள் தோழருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள்' என்று நபிகள் ஒதுங்கிக்கொண்டார். அபூ கதாதா என்ற தோழர் எழுந்து, அந்தக் கடன் என் பொறுப்பு என்றார். அதற்குப் பிறகுதான் நபிகள் தொழவைத்தார். சொத்தைப் பங்கு பிரிக்கும் முன் கடனைத் தீர்க்க வேண்டும் என்று குர்ஆனிலேயே இருக்கிறது. மேன்ஷன் ஆசாமி மாதிரி வாரிசு பக்கத்தில் இல்லாதவருக்கு? கூட்டத்தில் வசதியுள்ள யாராவது அபூ கதாதா வேலையைச் செய்ய வேண்டியதுதான்.

அடுப்பு எரியாத வீடு

அடக்கம் முடிந்தால் ஆண்கள் கடைக்குத் திரும்பிவிடலாம். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு வேலை அப்போதுதான் ஆரம்பம். மையத்து வீட்டுக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து சோறு போகும். மூத்தா போரில் 629-ல் ஜாஃபர் இறந்த செய்தி வந்தபோது, அவர் குடும்பத்துக்குச் சாப்பாடு செய்து அனுப்புங்கள் என்று நபிகள் சொன்னதிலிருந்து வரும் பழக்கம். இப்போது சில ஊர்களில் துக்க வீட்டுக்காரரே கடன் வாங்கி வந்தவர்களுக்குப் பிரியாணி போடுகிறார்கள். தலைகீழ்!

புருஷனை இழந்தவள் 4 மாதம் 10 நாள் 'இத்தா' இருக்க வேண்டும். சம்பாதித்த ஆள் போய்விட்டால் அந்த நாட்களுக்கு அரிசி எங்கிருந்து வரும்? பைத்துல்மால் என்ற பொதுநிதி வைத்திருக்கும் ஜமாஅத்துகள் இங்கேதான் கைகொடுக்கின்றன. சேமிப்பில் நூற்றுக்கு இரண்டரை ரூபாய் ஜகாத் என்ற கணக்கில் சேர்கிற பணம், வாய்விட்டுக் கேட்கக் கூசுகிற வீடுகளுக்கு ராத்திரியில் கவராகப் போகிறது.

எல்லா இடத்திலும் இப்படித் தேனாக ஓடுகிறது என்று நினைக்க வேண்டாம். சந்தா பாக்கி, ஊர்க் கட்டுப்பாட்டை மீறினார், வேறு கொள்கைக்காரர் என்று சொல்லி, மையத்தை வாசலில் வைத்துக்கொண்டே மையவாடியில் இடம் கொடுக்க இழுத்தடித்த ஜமாஅத்துகளும் உண்டு. சந்தாவை உயிரோடு இருப்பவரிடம் வசூலிக்கலாம். பிணத்திடம் வசூலிப்பது அசிங்கம்.

கொரோனா நேரத்தில்

2020, 2021-ல் கொரோனா வந்தபோது பெற்ற பிள்ளைகளே கிட்டே போக அஞ்சினார்கள். குளிப்பாட்ட வழியில்லை. பிளாஸ்டிக் பையில் கட்டிய உடலாகத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. அப்போது தமிழ்நாட்டில் தமுமுக தொண்டர்கள் தலை முதல் கால்வரை பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு அடக்கம் செய்தார்கள். முஸ்லிம்களை மட்டுமல்ல. இந்துக்களை அவரவர் முறைப்படி எரித்தார்கள், கிறிஸ்தவர்களைப் புதைத்தார்கள். பர்ளு கிபாயாவில் பழகிய கைகள் அவை.

மேன்ஷன் மேனேஜர் செய்ய வேண்டியது

தனியாகத் தங்கியிருந்தவர் அறையில் இறந்து கிடந்தால் முதலில் போலீசுக்குச் சொல்ல வேண்டும். சந்தேக மரணம் என்றால் பிரேத பரிசோதனை முடிந்துதான் உடல் கிடைக்கும். அதே நேரத்தில் ஊருக்கு போன் போட வேண்டும். இறந்தவர் எந்த ஊர் ஜமாஅத் என்று தெரிந்தால் அங்கிருந்து ஆள் கிளம்பும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்துப் பள்ளிவாசலில் முத்தவல்லியையோ ஹஜ்ரத்தையோ பார்த்து விவரம் சொன்னால் குளிப்பாட்ட ஆள், கபன் துணி, சந்தூக்கு, மையவாடியில் குழி எல்லாம் அவர்கள் ஏற்பாடு. உடலை ஊருக்கு அனுப்புவதா, ராயப்பேட்டை மையவாடி போல் இங்கேயே அடக்குவதா என்பதை மட்டும் சொந்தக்காரர்கள் முடிவு செய்தால் போதும்.