பழைய பைப்பைப் பளபளப்பாக்கினால் மதிப்பு குறையுமா?

பழங்காலப் புகை பைப்பைப் புதுப்பிப்பவர்கள், உப்புத்தாளைத் தொடும் முன் பூதக்கண்ணாடியை எடுக்கிறார்கள். ஏன்?

கிண்ணத்தையும் வாய்க்குழலையும் இணைக்கும் தண்டில்தான் தயாரிப்பாளரின் முத்திரை இருக்கும். லண்டனின் டன்ஹில் நிறுவனத்துப் பழைய பைப்கள் பலவற்றில் தயாரித்த ஆண்டைக் கண்டுபிடிக்க உதவும் சிறு எண்ணும் உண்டு. அவசரப்பட்டு நாலு தேய் தேய்ச்சா முத்திரை அழிஞ்சுடும். அப்புறம் அது யார் செய்தது, எப்போது செய்தது என்று நிரூபிப்பது கஷ்டம். மதிப்பும் இறங்கிவிடும்.

சரி, எதைச் சுத்தம் செய்யலாம்?

கிண்ணம் பெரும்பாலும் பிரையர் கட்டை. மத்தியதரைக்கடல் பகுதியில் வளரும் ஒரு புதரின் வேர்முண்டு இது, சூட்டைத் தாங்கும். ஆனால் உள்ளே கரி தடிமனாகப் படிந்தால், சூட்டில் விரிந்து கட்டையையே பிளந்துவிடும். அதைச் சுரண்டி, மெல்லிய படலம் மட்டும் விடுகிறார்கள். புகைத்துளையை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்கம்பியால் துடைக்கிறார்கள்.

வாய்க்குழல் ஏன் பச்சை கலந்த பழுப்பாகிறது?

பழைய வாய்க்குழல்கள் பல, கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெளிச்சமும் காற்றும் பட்டு நிறம் மாறும். நுண்ணிய உப்புத்தாளை ஈரப்படுத்தித் தேய்த்தால் கறுப்பு திரும்பும்.

முத்திரை உள்ள இடத்தில் மட்டும் உப்புத்தாள் கூடவே கூடாது. மெல்லிய துணியால் துடைச்சா போதும்.