உணவுப் பழக்கமும் சமூகப் பொறுப்பும்

உடற்பருமன் பற்றிப் பேசுவோரிற் பெரும்பாலோர் அதனைத் தனிமனிதரின் நாவடக்கமின்மையின் விளைவாகவே கருதுகின்றனர். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் அளவறிந்து உண்ணுதலை வற்புறுத்துவதும் நாம் அறிந்ததே. ஆயின், உண்பதைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு எல்லா வர்க்கத்தினருக்கும் ஒரே தன்மையதாய் அமைவதில்லை. எனவே இப்பிரச்சினையைச் சமூக வரலாற்றுப் பின்புலத்தில் வைத்து நோக்குதல் அவசியமாகும்.

இலங்கையின் அனுபவத்தையே எடுத்துக்கொள்வோம். 1942 இல் யப்பான் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. பங்கீட்டு முறை வந்தது. கோதுமை மா எங்கும் பரவலாயிற்று. பின்னர் அமெரிக்காவின் பொதுச் சட்டம் 480 இன்கீழ் கிடைத்த கோதுமையும், 1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கையும் பாணையும் பொதிசெய்த உணவுகளையும் நமது அன்றாட வாழ்வில் நிலைபெறச் செய்தன. காலையில் கொழுந்தெடுக்கச் செல்லும் தோட்டத் தொழிலாளப் பெண் கோதுமை மா ரொட்டியையும் சீனியிட்ட தேநீரையும் உட்கொள்வதை அவளது நாச்சுவை மாத்திரம் தீர்மானிப்பதில்லை; கூலியும் வேலை நேரமுமே பெரிதும் தீர்மானிக்கின்றன.

இன்று நமது நாட்டிற் போசாக்கின்மையும் உடற்பருமனும் ஒருங்கே காணப்படுகின்றன. அரசு இதனை முற்றாகக் கவனியாது விட்டதெனக் கூறமுடியாது. 2016 இல் மென்பானங்களுக்கு வண்ணக்குறி கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனியிருப்பின் சிவப்பும், 2 கிராமுக்குக் குறைந்தாற் பச்சையும், இடைப்பட்டதற்கு மஞ்சளும் குறிக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் சீனியின் அளவுக்கேற்ற வரியும் அறிமுகமாயிற்று. இவை வரவேற்கத்தக்கன. எனினும், வண்ணக்குறி வாங்குவோருக்கு அறிவைத் தருமேயன்றி வருமானத்தைத் தராது. வரிப்பணம் பாடசாலை உணவுக்கும் மலிவான காய்கனிகளுக்கும் பயன்படாவிடின், அது வறியோர் மீது விழும் மற்றுமொரு சுமையாகவே முடியும்.

ஆகவே ‘கூட்டுப் பொறுப்பு’ என்னுந் தொடரை நாம் அவதானத்துடன் கையாளவேண்டும். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பொறுப்புண்டு. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் எதை விற்பதென்பதை அவர்கள் கூடித் தீர்மானிக்கலாம். ஆனால், சிறுவரை இலக்காகக் கொண்ட விளம்பரத்தை ஒரு தாயால் தடுக்கமுடியாது, சட்டமே தடுக்கவல்லது. பொறுப்பு அனைவருக்கும் உரியதாயினும், அவரவர் கையிலுள்ள அதிகாரத்தின் அளவுக்கேற்பவே அது பகிரப்படல் வேண்டும். உற்பத்தியாளரையும் அரசையும் விடுத்து, உண்பவரை மட்டும் குற்றஞ்சாட்டும் சுகாதாரப் போதனை பிரச்சினையின் மூலத்தை மறைப்பதற்கே துணைபுரியும்.