வரம் தருமுன் விலையைச் சொல்லுங்கள்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் மந்திரவாதி 17ஆம் நிலையைத் தொட்டால் ‘விஷ்’ மந்திரத்தைக் கற்றுக்கொள்ளலாம். வாயால் கேட்டது நடக்கும். மாதக்கணக்கில் கட்டிய கதையை ஒரே வாக்கியத்தில் கவிழ்த்துவிடும் வரம் அது. ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் இதை எப்படிக் கையாள வேண்டும் என்பதை, 2014இல் வந்த 5ஆம் பதிப்பு விதிகளை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், என்ன வேண்டும் என்பதை ஆட்டக்காரரைச் சாதாரணப் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். பத்திரம் எழுதுவதுபோல எழுதிவர விடாதீர்கள். பகலிலும் சாவில்லை, இரவிலும் இல்லை, வீட்டுக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை என்று எல்லா ஓட்டையையும் அடைத்துத்தான் புராணத்து இரணியன் வரம் வாங்கினான். அந்திப்பொழுதும் வாசற்படியும் மிச்சமிருந்தன; அங்கேதான் அவன் செத்தான். அப்படி ஓட்டை தேடுவதே உங்கள் வேலை என்றானால், ஆட்டம் கோர்ட் வழக்காகிவிடும்.

அடுத்து, விஷ் வழியாகப் போடக்கூடிய, 8ஆம் நிலையோ அதற்குக் கீழோ உள்ள ஒரு மந்திரத்தால் காரியம் ஆகுமா என்று பாருங்கள். “செத்துப்போன என் தம்பி திரும்பி வரணும்” என்று கேட்டால், 7ஆம் நிலை ‘ரெசரெக்‌ஷன்’ போதும். இறந்து நூறாண்டு தாண்டியிருக்கக் கூடாது, மூப்பால் இறந்திருக்கக் கூடாது. வழக்கமாக அதற்கு 1,000 பொற்காசு பெறும் வைரம் வேண்டும்; விஷ் வழியாகப் போட்டால் வைரமும் வேண்டாம், ஆபத்தும் இல்லை. தாராளமாகக் கொடுங்கள். இங்கே சொல்லைத் திரித்துத் தம்பியை நடைப்பிணமாக அனுப்புவது அநியாயம்.

விதிநூல் தனியாகக் குறிப்பிடும் பெரிய வரங்களும் உண்டு: 25,000 பொற்காசு வரை மதிப்புள்ள, மந்திரசக்தி இல்லாத பொருள், 20 பேர் வரைக்கும் முழுக் குணம் போன்றவை. இவற்றுக்கு விலை உண்டு. நீண்ட ஓய்வு எடுக்கும்வரை எந்த மந்திரம் போட்டாலும், அதன் நிலை ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்துமுகப் பகடை உருட்டி அவ்வளவு காயம். உடல்வலிமை சில நாட்களுக்கு 3ஆக இறங்கும். இனி ஒருபோதும் விஷ் போட முடியாமல் போக 33 சதவீத வாய்ப்பு.

இவற்றையும் தாண்டி, “வில்லன் சாகட்டும்” என்றால்? கேட்டவரே காலம் தாண்டி, வில்லன் உயிரோடில்லாத ஒரு நாளில் போய் விழலாம் என்கிறது விதிநூல். சொல்லாமல் செய்தால் இது பொறி. என் மேசையில் ஒரு தோழி இதையே கேட்டபோது, “அவன் சாவான். ஆனால் நீ பல வருஷம் தள்ளிப்போய் விழலாம், இவர்கள் இங்கேயே நிற்பார்கள். கேட்கிறாயா?” என்றேன். பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே சுற்றி இருந்த நான்கு முகங்களையும் பார்த்தாள். “வேண்டாம், சண்டையே போடறேன்” என்றாள். எங்கள் ஆட்டத்தின் மிகச் சிறந்த இரவு அது.

அவள் கேட்டிருந்தால் கடைசி வேலை ஒன்று இருந்திருக்கும்: அந்த 33 சதவீதப் பகடை. அதை, உங்கள் முன்னால் மறைப்பாக நிறுத்தியிருக்கும் தடுப்பட்டைக்குப் பின்னால் நீங்கள் உருட்டாதீர்கள். ஆட்டக்காரர் கையில் கொடுங்கள். விழுவதை எல்லோரும் பார்க்கட்டும்.