புற்றுநோய்: சொற்களும் சிகிச்சையும்

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே அமைந்தது மேலகரம். திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இது. இவ்வட்டார வீட்டு முற்றங்களில் ஆண்டு முழுவதும் பூத்து நிற்கும் செடி நித்தியகல்யாணி. 'சுடுகாட்டு மல்லி' என்று சிலர் ஒதுக்கும் இச்செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்துகள் கிடைக்கின்றன.

பீடி சுற்றும் பெண் ஒருவர் தம் மார்பில் சிறு கட்டி ஒன்றைக் காண்கிறார் எனக் கொள்ளலாம். "வலிக்கவில்லையே, தானாகக் கரைந்துவிடும்" என்று அவர் ஆறு மாதம் கடத்துகிறார். தொடக்கநிலைப் புற்று பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதை அவருக்குச் சொல்ல ஆளில்லை. இவ்வாறு இழக்கும் காலமே உயிருக்கு இடராகிறது. அவரை முதலில் சந்திக்கும் செவிலியர், நோயின் சொற்களைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

அடிப்படைச் சொற்கள்

உடலின் செல்கள் தேவைக்கேற்பப் பிரிந்து பெருகி, காலம் முடிந்ததும் அழிகின்றன. இக்கட்டுப்பாடு குலைந்து செல்கள் வரம்பின்றிப் பெருகுவதே புற்றுநோய். எல்லாக் கட்டிகளும் புற்று அல்ல. தோன்றிய இடத்திலேயே நின்று, அண்டைத் திசுக்களுள் ஊடுருவாதது 'தீங்கற்ற கட்டி'. ஊடுருவி வளர்வது 'புற்றுக்கட்டி'. புற்றுச் செல்கள் இரத்தம் அல்லது நிணநீர் வழியாகப் பிற உறுப்புகளுக்குச் சென்று வளர்வது 'மெட்டாஸ்டாசிஸ்' எனப்படும். மார்பகப் புற்று எலும்பிற்குப் பரவினாலும் அது மார்பகப் புற்றே. எலும்புப் புற்று ஆகாது. சிகிச்சையும் அதற்கேற்பவே அமையும்.

தோன்றும் திசுவைக் கொண்டு புற்றுநோய் வகைப்படுத்தப்படுகிறது. தோல், உறுப்புகளின் உட்படலம் ஆகியவற்றில் தோன்றுவது கார்சினோமா. எலும்பு, தசை போன்றவற்றில் தோன்றுவது சார்கோமா. இரத்தத்தை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையில் தோன்றுவது லுக்கேமியா. நிணநீர் மண்டலத்தில் தோன்றுவது லிம்போமா.

'நிலை', 'தரம்' என்னும் இரு சொற்களை மாணவர் குழப்பிக்கொள்ளக் கூடாது. நோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதைக் காட்டுவது நிலை. பொதுவாக அது ஒன்று முதல் நான்கு வரை குறிக்கப்படும். நுண்ணோக்கியில் காணும்போது புற்றுச் செல் இயல்பான செல்லிலிருந்து எவ்வளவு வேறுபட்டுள்ளது என்பதைக் காட்டுவது தரம். இதனை அறியத் திசுவின் சிறு பகுதியை எடுத்து ஆராய்வது திசு ஆய்வு. "கத்தி பட்டால் பரவிவிடும்" என்னும் அச்சத்தால் பலர் இவ்வாய்வைத் தவிர்க்கின்றனர். நோயை உறுதிசெய்யாமல் உரிய சிகிச்சையைத் தொடங்க இயலாது என்பதைச் செவிலியர் பொறுமையுடன் எடுத்துரைக்க வேண்டும்.

சிகிச்சை முறைகள்

கட்டியை அகற்றுவது அறுவைச் சிகிச்சை. உயர் ஆற்றல் கதிர்களால் புற்றுச் செல்களை அழிப்பது கதிர்வீச்சுச் சிகிச்சை. வெளியிலிருந்து செலுத்தப்படும் கதிர் நோயாளியின் உடலில் தங்குவதில்லை. வீடு திரும்பியவர் தம் குழந்தையை அச்சமின்றித் தூக்கலாம். மருந்துகளால் செல் பிரிவைத் தடுப்பது வேதிச்சிகிச்சை. இம்மருந்துகள் விரைந்து பிரியும் நலமான செல்களையும் தாக்குவதால் முடி உதிர்தல், வாய்ப்புண், வெள்ளணுக்கள் குறைதல் ஆகியவை நேர்கின்றன. சிகிச்சை பெறுபவருக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல் கண்டால் அதை அவசரநிலையாகக் கருதி உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

வின்கிரிஸ்டின் மருந்தைச் சிரை வழியாக மட்டுமே செலுத்த வேண்டும். தவறுதலாக முதுகுத்தண்டு வழியே செலுத்தினால் உயிர் போகும். சிரையை விட்டு வெளியே கசிந்தால் திசு சிதையும். நித்தியகல்யாணி இலையைக் காய்ச்சிக் குடிப்பதும் சிகிச்சை ஆகாது, அது நஞ்சாகக்கூடும். செடியிலிருந்து பிரித்தெடுத்து, அளந்து, கண்காணித்துக் கொடுக்கும்போதே அது மருந்தாகிறது.

சிகிச்சையின் நோக்கமும் வேறுபடும். நோயை முற்றிலும் நீக்க முனைவது குணமாக்கும் சிகிச்சை. அறுவைக்குப் பின், எஞ்சிய செல்களை அழிக்கத் தருவது துணைச் சிகிச்சை. வலியையும் மூச்சுத்திணறலையும் குறைத்து நோயாளியின் வாழ்நாளை இதமாக்குவது தணிப்புச் சிகிச்சை. இது கைவிடப்பட்டவருக்கானது அன்று. நோயின் எந்நிலையிலும் இதனை அளிக்கலாம்.

அடையாறு காட்டிய வழி

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை 1923ஆம் ஆண்டு புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரமே சென்னை அடையாற்றில் 1954ஆம் ஆண்டு 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தோன்றக் காரணமாயிற்று. 1955ஆம் ஆண்டு அங்குப் பணியில் சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா, 2021ஆம் ஆண்டு மறையும்வரை அந்நிறுவனத்திற்கே தம்மை அளித்தார். 2005ஆம் ஆண்டு மகசேசே விருதும், 2016ஆம் ஆண்டு பத்ம விபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன. புற்றுநோய் என்றாலே மரணம் என்று அஞ்சிய காலத்தில், விரைவில் கண்டறிந்தால் குணமாக்கலாம் என்று அவர் இடைவிடாது வலியுறுத்தினார்.

பீடி சுற்றும் அப்பெண்ணுக்கும் அச்செய்தி சென்றுசேர வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அவர் தயங்கி நிற்கும்போது, "கட்டி எல்லாம் புற்று இல்லை அக்கா, ஆனால் பார்க்காமல் விடக் கூடாது" என்று செவிலியர் கூறும் ஒரு சொல், அவரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்.